கேட்டது பிக்கப், கிடைத்தது 4.10 கிரவுன்: பழைய மஸில் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வண்டி செவர்லேயின் 1970 செவெல் எஸ்எஸ் 396, பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க மஸில் கார். (பெயர்தான் 396. அந்த வருஷ இன்ஜினின் உண்மையான கொள்ளளவு 402 கன அங்குலம்.) டர்போ 400 ஆட்டோமேட்டிக், 12-போல்ட் பின் ஆக்ஸில், உள்ளே 3.31 கிரவுன்-பினியன் (கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 3.31 சுற்று சுற்றினால் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றும் பல்சக்கர ஜோடி), ஈட்டன் பாஸிட்ராக்‌ஷன். (சுருக்கமாகப் பாஸி. பின் சக்கரம் இரண்டையும் சேர்த்து இழுக்க வைக்கும் கிளட்ச் அமைப்பு.) அமெரிக்காவில் இதை வைத்திருப்பவர் கடைக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு குறையோடு. 40 மைல் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தாலும் வண்டி சோம்பலாகத்தான் இழுத்தது. மஸில் கார் என்றால் 4.10 போட வேண்டும், அது போட்டால் சரியாகிவிடும் என்றது கடை. பில்லில் மூன்று வரி: புது 4.10 செட், முழு பேரிங் கிட், பாஸி ரீபில்ட். பிறகு வேறொரு இடத்தில் கவரைத் திறந்து பார்த்ததில் முதல் வரி மட்டும்தான் உண்மை.

முதல் வேலையே தேவையில்லாதது. டர்போ 400-இல் கிக்டவுன் (பெடலை முழுசாக மிதித்தால் கியர் தானாகக் கீழே இறங்குவது) மின்சாரத்தில் நடக்கிறது. ஆக்சிலரேட்டர் லிங்கேஜில் ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து கியர்பாக்ஸின் இடது பக்கத்துக்கு ஒரு வயர், அவ்வளவுதான். (டர்போ 350-க்குக் கேபிள், அங்கே சோதனை வேறு.) சாவியை ஆன் செய்து, இன்ஜின் ஓடாமல், பெடலை அடிவரை மிதித்தால் கியர்பாக்ஸ் முனையில் டெஸ்ட் லாம்ப் எரிய வேண்டும். இந்த வண்டியில் எரியவில்லை. ஸ்விட்ச் செத்துக் கிடந்தது.

கணக்கைப் பாருங்கள். கிக்டவுன் வேலை செய்தால் கியர் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும். டர்போ 400-இன் இரண்டாவது கியர் 1.48. 3.31-ஐ அதால் பெருக்கினால் 4.90. 40 மைலில் 1,650-இல் முனகிக்கொண்டிருந்த இன்ஜின் 2,450-க்குத் தாவியிருக்கும். 4.10 போட்டு டாப் கியரிலேயே ஓட்டினால் கிடைப்பது வெறும் 4.10. ஸ்விட்ச் மாற்றினால் கிடைத்திருக்கும் இழுவையைவிடக் குறைவான ஒன்றுக்கு முழு ஆக்ஸிலையும் பிரித்திருக்கிறார்கள்.

பிக்கப் இல்லை என்றால் அந்த ஸ்விட்சோடு இன்னொன்றையும் பாருங்கள். கியர்பாக்ஸ் மாடுலேட்டருக்குப் (இன்ஜின் வேக்கத்தை வைத்துக் கியர் மாற்றத்தைச் சரிக்கட்டும் பாகம்) போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றினால் உள்ளே ஆயில் ஈரம் இருக்கக் கூடாது. இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு இக்னிஷன் டைமிங். இவ்வளவும் பார்த்த பிறகுதான் கிரவுன் பேச்சே எடுக்க வேண்டும்.

சரி, ரேஷியோ மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஹைவே ஆர்பிஎம்மில் இருந்து தொடங்குங்கள். மைல் வேகம் × ரேஷியோ × 336, அதை டயரின் அங்குல விட்டத்தால் வகுத்தால் டாப் கியர் ஆர்பிஎம் வரும். விட்டத்தைக் கேட்லாகில் பார்க்காதீர்கள். வண்டி தரையில் நிற்கும்போது தரையிலிருந்து ஹப் மையம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 255/60ஆர்15 டயருக்குச் சுமார் 27 அங்குலம். அதில் 70 மைலுக்கு 3.07 என்றால் 2,670, 3.31 என்றால் 2,880, 3.55 என்றால் 3,090, 3.73 என்றால் 3,250, 4.10 என்றால் 3,570. லாக்அப் (நேரடியாகப் பூட்டிக்கொள்ளும் வசதி) இல்லாத டார்க் கன்வர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே சக்தியைக் கடத்துவது) கொஞ்சம் வழுக்கும், அதற்கு மேலே ஒரு 4 சதவீதம் போடுங்கள். ஆக இந்த வண்டி இப்போது ஹைவேயில் 3,700-இல் கத்திக்கொண்டு போகிறது.

4.10 போட்டு ஜம்மென்று ஓட்டுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் வண்டியில் ஓவர்டிரைவ் (இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் மேல் கியர்) இருக்கும், அல்லது வண்டி கால் மைல் பந்தயப் பாதைக்கு மட்டும் போகும். 4எல்80இ கியர்பாக்ஸின் நான்காவது கியர் 0.75, 4.10 அங்கே 3.08 ஆகிவிடுகிறது. 700ஆர்4-இல் 0.70, அதோடு 3.73 சேர்ந்தால் 2.61. மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. போதாததற்கு ஆட்டோமேட்டிக் வண்டியைக் கிளப்பும்போது கன்வர்ட்டரே டார்க்கைச் சுமார் இரண்டு மடங்காக்கித் தருகிறது, மேனுவல் வண்டிக்காரர் சொல்லும் ரேஷியோ நமக்கு வேண்டாம். 3,400 ஆர்பிஎம்மில் 415 பவுண்டு-அடி தரும் பிக் பிளாக் (பெரிய வி8) இன்ஜினுக்கு 3.31 நிறையப் போதும். மிஞ்சிப்போனால் 3.55.

இப்போது திருட்டுக்கு வருவோம். 12-போல்ட் கார் ஆக்ஸிலில் கிரவுனைத் தாங்கும் கேரியர் எல்லா ரேஷியோவுக்கும் ஒன்றில்லை. 3.07 முதல் 3.73 வரை ஒரு கேரியர், 4.10-க்கும் அதற்கு மேலேயும் வேறு. பழைய கேரியரிலேயே 4.10 உட்கார வேண்டுமானால் தடிமனான கிரவுன் வாங்க வேண்டும், அது கடைகளில் கிடைக்கிறது. இந்தக் கடை அதைச் செய்யவில்லை. ஈட்டன் பாஸி கேரியரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பாஸி இல்லாத சாதாரண ஓப்பன் கேரியரில் 4.10-ஐ மாட்டிவிட்டு, "பாஸி ரீபில்ட்" என்று காசும் வாங்கிவிட்டது. கேட்டபோது பழையது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்று பதில். அசல் 12-போல்ட் பாஸி என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு வயிறு எரியும்.

இதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போடுங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறு சக்கரமும் அதே திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன், அல்லது கிளட்ச் முழுக்கத் தேய்ந்த பாஸி. ரீபில்ட் செய்ததாகச் சொன்ன வண்டியில் இரண்டுமே வரக் கூடாது. ரேஷியோவுக்கு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, சக்கரத்தை 10 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் 33 சுற்று வந்தால் 3.31, 41 வந்தால் 4.10. ஓப்பன் என்றால் ஒரு சக்கரம் தரையில் இருக்கட்டும், தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள், ஷாஃப்ட் கணக்கு அதேதான். கவர் திறந்திருந்தால் கிரவுன் ஓரத்தில் பல் எண்ணிக்கை குத்தியிருக்கும்: 41-10 என்றால் 4.10, 43-13 என்றால் 3.31.

50 மைலில் கிரவுன் ஊளையிட்டது. காரணமும் உள்ளே தெரிந்தது. பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி) 0.006-லிருந்து 0.010 அங்குலத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் டயல் கேஜ் 0.018 காட்டியது. மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்தால் தடம் பல்லின் உச்சியில் விழுந்தது, அதாவது பினியன் தள்ளி நிற்கிறது, பினியன் தலைக்கும் பேரிங்குக்கும் நடுவே இன்னும் தடித்த ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடு) வேண்டும். தடம் அடியில் விழுந்தால் மெல்லிய ஷிம். புது செட்டுக்குப் பழைய ஷிம்மையே போட்டு மூடியிருக்கிறார்கள். பக்கவாட்டு பேரிங் கப்பில் (பேரிங்கின் வெளி வளையம்) நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி. முழு கிட் போட்டதாகச் சொன்ன பேரிங் அது.

இன்னொரு சின்ன ஏமாற்று: ஸ்பீடாமீட்டர் கியரை மாற்றவில்லை. அதனால் 60-இல் போகும்போது முள் 74 காட்டும். ஓட்டிக் காட்டும்போது "பாருங்க எப்படி ஏறுது" என்று சொல்ல வசதி.

வேலைக்குக் கொடுக்கும் முன் கேரியர் எண்ணையும் கிரவுன் பல் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், அதில் பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் வேலை கொடுக்கும்போதே கேட்டால் தர வேண்டும் என்பது சட்டம். எக்ஸ்சேஞ்சில் போகும் பாகம், வாரண்டிக்காகத் தயாரிப்பாளருக்குத் திரும்ப வேண்டிய பாகம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வேலை முடிந்ததும் பேக்லாஷ் அளவு, பினியன் ப்ரீலோடு (பினியன் பேரிங்கை இறுக்கிய அளவு, புது பேரிங்குக்கு 20-25 அங்குல-பவுண்டு), பல் தடத்தின் படம் மூன்றும் பில்லோடு வர வேண்டும். க்ரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவே இறுக்கும்போது நசுங்கும் குழாய்) புதுசா என்று கேளுங்கள், அது ஒரு தடவைக்குத்தான். பாஸி என்றால் 80டபிள்யூ-90 ஆயிலோடு 4 அவுன்ஸ் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (பாஸி கிளட்சுக்காக ஆயிலில் கலப்பது). முதல் ஓட்டம் நிதானமாக 15-20 நிமிஷம், பிறகு ஆற விட வேண்டும். 500 மைலில் ஆயில் மாற்ற வேண்டும்.

இந்த செவெலில் இப்போது ஸ்விட்ச் மாற்றியாகிவிட்டது, 40 மைலில் மிதித்தால் பாய்கிறது. பழைய 3.31-க்கு ஏற்ற பாஸி கேரியர்தான் இன்னும் அகப்படவில்லை.