தஞ்சாவூரில் வீணை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: "ஒரே மரம்" என்றால் என்ன அர்த்தம்?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் தஞ்சாவூரில் 62,000 ரூபாய் கொடுத்து ஏகாண்ட வீணை (முழுசும் ஒரே மரத்துண்டில் குடைந்தது) என்று நம்பி ஒன்றை வாங்கி வந்தேன். அது ஏகாண்டம் இல்லை. மூன்று துண்டுகளைச் சேர்த்து, மேலே கெட்டியாகப் பாலிஷ் பூசிய ஒட்டு வீணை. கடையின் பெயரைப் போடப்போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அங்கே கேட்ட அதே பேச்சை நீங்கள் வேறு கடையிலும் கேட்கலாம். அதனால் பேச்சை மட்டும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூட நாளில் வீணை கற்றுக்கொண்டு, கல்யாணம், பேங்க் வேலை, டிரான்ஸ்பர் என்று அப்படியே விட்டுவிட்டவள் நான். ரிட்டயர் ஆனபின் கோயம்புத்தூரில் மறுபடி ஆரம்பித்தேன். டீச்சருக்கு என் பெண் வயசு. அக்காவின் பழைய வீணையை வைத்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். கையில் கொஞ்சம் பணம் வந்ததும், நமக்கென்று ஒரு ஏகாண்டம் வாங்கினால் என்ன என்ற ஆசை.

திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போவதோடு இதையும் முடித்துவிடலாம் என்று நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம். பகுள பஞ்சமி காலையில் காவிரிக் கரையில், அத்தனை வித்வான்களும் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை நாட்டையில் ஆரம்பித்து ஸ்ரீராகத்தில் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அந்த மனசோடு பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூர் போய், அன்றைக்கே கடை ஏறினேன் பாருங்கள், அதுதான் முதல் தப்பு. உருகிப்போய் இருக்கும்போது பணப்பையைத் திறக்கக் கூடாது.

அரண்மனையில் சரஸ்வதி மகாலும் சங்கீத மகாலும் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். "ஆராதனைக்கு வந்தீங்களாம்மா?" என்று ஒருவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். நெற்றி நிறைய விபூதி, மரியாதையான பேச்சு. சியாமா சாஸ்திரி இருந்த மேல வீதி, நாட்டியத்தில் பேர் பெற்ற தஞ்சை நால்வர் வாழ்ந்த வீடு என்று பத்து நிமிஷம் நன்றாகவே சொன்னார். வீணை என்று நான் வாயைத் திறந்ததும், "ஏகாண்டம் இப்போ ஒரே இடத்துலதாம்மா கிடைக்கும், தெரிஞ்சவங்கதான்" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவரும் முன்னால் உட்கார்ந்துகொண்டார். கமிஷன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பேங்கில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவள் நான்!

தெரியாதவர்களுக்காக: வீணையில் பெரிய பாகங்கள் மூன்று. உருண்டையான குடம், நீளமான தண்டி, கடைசியில் யாளி முகம். மூன்றையும் ஒரே பலா மரத்துண்டில் குடைந்து செய்தால் ஏகாண்டம். தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு. ஏகாண்டத்துக்கு அவ்வளவு பெரிய, குறையில்லாத மரம் வேண்டும், அதனால்தான் விலை ஏறுகிறது. ஏகாண்டத்திலும் குடத்தின் மேல் பலகையும் தண்டியின் மேல் பலகையும் தனியாகத்தான் வரும். ஆகவே மேலே இணைப்பு தெரிந்தால் அது ஒட்டு வீணை என்று ஆகிவிடாது. பார்க்க வேண்டிய இடம் அடிப்பக்கம். குடமும் தண்டியும் சேரும் கழுத்தில் மரத்தின் ரேகை வெட்டுப்படாமல் ஓட வேண்டும்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கடையில் காப்பி வந்தது. சுவரில் புவிசார் குறியீடு பற்றி ஒரு காகிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் அந்தக் குறியீடு கிடைத்தது உண்மைதான். ஆனால் அது அந்தப் பெயருக்கான பதிவு. இந்தக் கடையில் இருக்கிற இந்த வீணை ஏகாண்டம் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று இல்லை.

"ஏகாண்டம்தானே?" என்று நான் கேட்டேன். கடைக்காரர் குடத்தைத் தட்டிக்கொண்டே, "ஒரே மரம்மா. பண்ருட்டிப் பலா" என்றார். இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு பையன் அந்த வீணையிலேயே மோகனம் வாசித்துக் காட்டினான். தேனாக இருந்தது. 75,000 சொன்னதை 62,000க்குக் குறைத்துவிட்டோம் என்று எங்களுக்கு வேறு பெருமை. ஜிபேயில் பணம் போட்டோம், ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் "வீணை - 1" என்று எழுதிக் கொடுத்தார்கள். மேலே "எஸ்டிமேட்" என்று அச்சடித்திருந்தது.

ஊருக்கு வந்து முதல் வகுப்பிலேயே டீச்சர் முகம் மாறியது. சங்கராபரணம் வாசிக்க உட்கார்ந்தவர் மத்யமத்தில் (ம) நின்றார், மறுபடி காகலி நிஷாதத்தில் (நி) நின்றார். இரண்டும் சுருதியில் இல்லை. "கடையில என்ன ஆன்ட்டி வாசிச்சாங்க?" என்றார். மோகனம் என்றேன். சிரித்துவிட்டார். மோகனத்தில் மத்யமமும் கிடையாது, நிஷாதமும் கிடையாது! தண்டியின் மேல் ஸ்வரத்துக்காக விரல் வைக்கும் இருபத்துநான்கு மெட்டுகளில் எவை கெட்டிருக்கின்றன என்று தெரிந்தே அந்தப் பையன் அதை எடுத்தானா, இல்லை தற்செயலா, எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்கள் போனால் சங்கராபரணமும் தோடியும் வாசிக்கச் சொல்லுங்கள். பிரதிமத்யமம் தவிர எல்லா ஸ்வரமும் வந்துவிடும். பிரதிமத்யமம் உள்ள கல்யாணியில் நாலு பிடி கேட்டால் அதுவும் தீர்ந்தது.

போன் பண்ணினேன். "கார்ல வெயில்ல வச்சிருப்பீங்கம்மா, மெழுகு இளகியிருக்கும்" என்றார்கள். மெட்டுகள் மெழுகில்தான் பதிந்திருக்கும், வெயில் பட்டால் இளகும், அது நிஜம். ஆனால் நாங்கள் செம்மொழி எக்ஸ்பிரஸில், ராத்திரி, ஏசி பெட்டியில் வந்தோம். சரி, போகட்டும், மேளம் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம், அதாவது மெழுகில் மெட்டுகளை மறுபடி பதித்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சித்திரை வெயிலில்தான் குட்டு உடைந்தது. கழுத்துக்கு அடியில் பாலிஷ் மேல் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. அளவெடுத்த மாதிரி சுற்றி வந்தது. மேளம் கட்ட வந்த ஆசாரி பார்த்த உடனே, என்னைக் கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் பாலிஷைக் கொஞ்சம் சுரண்டினார். குடத்தில் ரேகை ஒரு பக்கம் போகிறது, தண்டியில் வேறு பக்கம் போகிறது. "இது ஒட்டும்மா. வேலை மோசமில்லை. ஆனா ஒட்டு" என்றார்.

மறுபடி போன். கடைக்காரர் துளிகூடத் தடுமாறவில்லை. "ஏகாண்டம்னு நான் எங்கம்மா சொன்னேன்? ஒரே மரம்னேன். மூணு துண்டும் ஒரே மரத்துல எடுத்ததுதான்."

யோசித்துப் பார்த்தால், ஏகாண்டம் என்று சொன்னது அரண்மனை வாசலில் நின்ற ஆள், அப்புறம் நான். கடைக்காரர் வாயில் அந்தச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

வக்கீலாக இருக்கும் உறவுக்காரப் பெண் அந்த எஸ்டிமேட் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஆனாலும் ஜிபே பதிவு இருக்கிறது, வாட்ஸாப்பில் நான் அனுப்பிய போட்டோக்கள் இருக்கின்றன. 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், பிறகு கோயம்புத்தூரில் மனு போட்டிருக்கிறேன்.

தஞ்சாவூரில் எல்லாரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். டீச்சர் வீணை வாங்கியவரும் அந்த ஊர்தான். அவரிடம் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பாலிஷ் போடுவதற்கு முன்னால் வெறும் மரமாக இருக்கும்போதே கூப்பிட்டுக் காட்டுவார், போட்டோ எடுக்கச் சொல்வார், பில்லில் "ஏகாண்டம், பலா" என்று தன் கையால் எழுதுவார். பட்டறையைக் காட்டுங்கள் என்று நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்தக் கடையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. கேட்கவில்லை.

மேளம் மாற்றிக் கட்டியபின் வீணை நன்றாகவே பேசுகிறது. வாசிக்கிறவருக்கு ஒட்டு வீணையில் அவமானம் ஒன்றும் இல்லை, அக்கா வீணையும் ஒட்டுதான். ஏகாண்டத்தின் விலையைக் கொடுத்ததுதான் எரிகிறது. இதே அளவு, இதே வேலைப்பாடு உள்ள ஒட்டு வீணை என்ன விலை இருக்கும் என்று ஆசாரியிடம் கேட்டேன், சொன்னார். அதை மட்டும் இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.