இமாச்சலின் பீர் பில்லிங் போகிறவர்கள் அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

18,600 ரூபாய் போச்சு. சூடு இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இமாச்சலப் பிரதேசம் காங்க்ரா மாவட்டத்தில் இருக்கும் பீர் என்ற சின்ன மலையூருக்குப் போக ஆசைப்பட்டு, இணையத்தில் பார்த்த யாருக்கோ பணம் அனுப்பத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதையெல்லாம் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பீரிலிருந்து 14 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் பில்லிங், ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம். பாராகிளைடரை மாட்டிக்கொண்டு அந்தச் சரிவில் ஓடிக் காற்றில் ஏறினால் கீழே பீரில் வந்து இறங்கலாம். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த இடம். ஊரின் ஒரு பக்கம் 1960களில் வந்து குடியேறிய திபெத்தியர்களின் காலனி. மடாலயங்கள், மோமோ, துக்பா என்ற நூடுல்ஸ் சூப் எல்லாம் அங்கே. கொஞ்ச தூரத்தில் பைஜ்நாத் சிவன் கோயில், 1204இல் இரண்டு வணிகர்கள் கட்டியது. என் மனைவிக்குக் கோயில், மைத்துனனுக்குப் பறப்பது, எனக்குச் சாப்பாடு. ஆளுக்கொன்று இருந்ததால் அக்டோபரில் போவது என்று முடிவானது.

பாக்கேஜ் கண்ணில் பட்டது படமும் வீடியோவும் போடும் ஒரு செயலியில். ஆயிரக்கணக்கில் பின்தொடர்பவர்கள், பனிமலை, மஞ்சள் கிளைடர், சிரிக்கிற முகங்கள். ஹோம்ஸ்டே, மூன்று பேருக்கும் டேன்டம் (பைலட்டோடு சேர்ந்து பறப்பது) பறப்பு, ராஜ்குந்தா என்ற மலைக்கிராமத்துக்கு வழிகாட்டியுடன் நடை, கிராமத்து வீட்டில் ‘தாம்’ விருந்து, எல்லாம் சேர்த்து 31,000. விசாரித்து ஒரு வரி போட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது.

“வணக்கம் அண்ணா, நம்ம ஊரா?”

நல்ல தமிழ். திருப்பூர்க்காரனாம், டெல்லியில் செட்டிலாகிவிட்டானாம். நம்பிக்கை வந்தது அவன் தமிழ் பேசியதால் மட்டுமில்லை. அவன் அவசரமே படுத்தவில்லை. மூன்று பேரின் எடையையும் கேட்டுக் குறித்துக்கொண்டான். “தப்பா நினைக்காதீங்க அண்ணி, டேன்டம்ல எடை ரொம்ப முக்கியம்” என்று என் மனைவியிடமே சொன்னான். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்தில் அங்கே பறக்கத் தடை என்பதையும் அவனேதான் சொன்னான். அப்புறம் சொன்னான் பாருங்கள், “அந்த டைம்ல பறக்க விடறேன்னு யாராச்சும் காசு கேட்டா குடுத்துடாதீங்க அண்ணா, நிறைய ஃப்ராடு சுத்துது.” ஏமாற்றுக்காரர்களைப் பற்றி அவனே எச்சரிக்கிறான்! அதைக் கேட்ட பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

அறுபது சதவீதம் அட்வான்ஸ். முதலில் 5,000 அனுப்பினேன். பைலட்டின் உரிமம் என்று ஒரு அட்டையின் படமும், ஹோம்ஸ்டே பெயர் போட்டு நீல முத்திரை குத்திய உறுதிச்சீட்டும் வந்தன. மீதி 13,600 மறுநாள் போனது. ஆக 18,600.

டெல்லி மஜ்னு கா டீலாவிலிருந்து இரவு பஸ். விடிகாலையில் பீர் ரோட்டில் இறங்கினோம், செமக் குளிர். டாக்ஸி பிடித்து ஹோம்ஸ்டேக்குப் போனால் கதவைத் திறந்த அம்மா எங்களையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போய் நீளமான கணக்கு நோட்டை எடுத்து வந்தார். தேதியைக் கண்டுபிடித்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். கடைசி வரிக்குக் கீழே வெற்றுத்தாளில் விரல் நின்றது. எங்கள் பெயர் இல்லை. போனில் சீட்டைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்தது இவ்வளவுதான்: சீட்டில் இருப்பது எங்கள் ஹோம்ஸ்டேயின் பெயர்தான், முத்திரை எங்களுடையது இல்லை, எங்களிடம் முத்திரையே கிடையாது. சொல்லிவிட்டு அவரே டீ போட்டுக் கொடுத்தார். நல்ல வேளையாக ஓர் அறை காலியாக இருந்தது. வாடகையில் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார்.

திருப்பூர்த் தம்பிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் பதில்: “மலைல சிக்னல் இல்ல அண்ணா, ஒன் ஹவர்ல செட் பண்றேன்.” மதியம் வரை அந்த ஒரு மணி நேரம் முடியவில்லை.

பொறுமை போய், லேண்டிங் மைதானத்துக்கே போய் நின்றோம். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. நான்கைந்து கிளைடர்கள் தலைக்கு மேல், ஒன்று இறங்கி இருபதடி தூரத்தில் புல்லில் சரிந்து மடிகிறது. சரியாக அந்த நேரத்தில் வருகிறது செய்தி: “சாரி அண்ணா, இன்னைக்கு வெதர் மோசம். பில்லிங்ல ஃப்ளையிங் மொத்தமா நிறுத்திட்டாங்க.” மைத்துனன் சிரித்தேவிட்டான். எனக்குக் கை நடுங்கியது. அங்கேயே வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

அவன் தந்த பைலட் அட்டையை மைதானத்தில் இருந்த ஒரு பைலட்டிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இந்தப் படத்தைக் காட்டுகிற ஆட்கள் அடிக்கடி வருகிறார்கள் என்றார். சரி, வந்தாகிவிட்டது என்று அங்கேயே பதிவுள்ள ஓர் ஆளிடம் பேசி, தனியாகப் பணம் கட்டி, மறுநாள் காலை பறந்தோம். பறந்தது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். அவ்வளவு உயரத்தில், எதிரே தவுலாதார் மலைத்தொடரே தெரிகிற இடத்தில், என் மண்டைக்குள் ஓடியது 18,600தான்.

தாம் விருந்தின் கதையும் தெரிந்தது. ஹோம்ஸ்டே அம்மாவிடம் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாம் என்பது கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் ஊருக்கே ஆக்குவது. அதற்கென்று பரம்பரையாகச் சமைக்கும் ‘போட்டி’கள் வந்து பித்தளைப் பாத்திரங்களில் சமைப்பார்கள், சனங்கள் தரையில் பந்தியாக உட்கார்ந்து இலைத்தட்டில் சாப்பிடுவார்கள். மூன்று பேருக்கு யார் தாம் ஆக்குவார்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு, இரவு கொண்டைக்கடலையைத் தயிரில் போட்டு, தாமில் வைக்கிற மத்ராவை மட்டும் செய்து சோற்றோடு வைத்தார். பாக்கேஜில் எழுதியிருந்ததில் எங்கள் வாய்க்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான், அதுவும் அவன் தயவில் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உண்மையான அலைக்கழிப்பு. “அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன் அண்ணா, திங்கட்கிழமை வந்துரும்.” திங்கள் போனது. “ஏழு வேலை நாள் ஆகும் அண்ணா.” அதுவும் போனது. அப்புறம் சீனியர் மேனேஜர் என்று ஒரு பெண் இந்தியில் பேசினார். வானிலையால் ரத்தானால் முன்பணம் திரும்பாது, விதிமுறையைப் படிக்கவில்லையா என்று என்னையே அதட்டினார். எந்த விதிமுறை என்றால், அன்றைக்குத்தான் அடித்த மாதிரி ஒரு தாளின் படம் வருகிறது. 18,600 வேண்டாம், பாதியாவது கொடு என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள் என் மனைவி. அன்று மாலை அவனுடைய முகப்புப் படம் மறைந்தது. பிளாக் செய்துவிட்டான். அண்ணியாம், அண்ணியை!

அந்தச் செயலியில் புகார் கொடுத்தேன். தங்கள் விதிகளை அந்தப் பக்கம் மீறவில்லை என்று இயந்திரப் பதில் வந்தது. பக்கத்தின் கீழே நான் எழுதிய கருத்து அரை மணி நேரத்தில் காணாமல் போனது. இணைய மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்து புகார் எண் வாங்கியிருக்கிறேன். வங்கியில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் சார் என்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது இருக்கிற கோபத்தில் வருவது இவ்வளவுதான். ஹோம்ஸ்டேயின் எண்ணை வரைபடத்தில் நீங்களே தேடி எடுத்து நேராகப் பேசுங்கள், இடையில் இருப்பவன் தரும் எண்ணில் பேசாதீர்கள். பறப்பதற்கு முன்பணமே வேண்டாம், பீரில் இறங்கி சுற்றுலாத் துறையில் பதிவுள்ளவரா என்று கேட்டுக் காசு கொடுங்கள். தமிழ் பேசுகிறான் என்று உருகாதீர்கள். பணம் போய்விட்டால் ரீஃபண்ட் வரும் வரும் என்று காத்திருக்காமல் அன்றே 1930க்குப் போன் போடுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

அந்தப் பக்கத்தில் இன்று காலை புது விளம்பரம், அதே மஞ்சள் கிளைடர், “மூன்று இடம் மட்டுமே பாக்கி.” புகார் நகலை எடுத்துக்கொண்டு மறுபடி வங்கிக்குக் கிளம்புகிறேன்.