நெல்லை மாவட்ட மக்கள்தொகைக் கையேடு 2011: குக்கிராமத்துக்குக் கணக்குப் பார்க்க உதவுமா?

தனி ஊராட்சி இல்லாத, அறுபது எழுபது வீடு மட்டுமே உள்ள குக்கிராமத்தை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து அரசு வெளியிட்ட இந்தக் கையேட்டில் தேடுகிறவர்கள், பேரே இல்லையே என்று ஏமாந்துபோவார்கள். ஊர் விட்டுப்போகவில்லை. இங்கே கணக்கு எடுத்த அலகு வருவாய்க் கிராமம், அதாவது நிலப் பதிவுக்காக வருவாய்த் துறை எல்லை வகுத்த கிராமம். அதற்குள் இருக்கும் நாலைந்து குடியிருப்புகளின் தலைக்கணக்கும் சேர்ந்து ஒரே வரியாக விழுந்திருக்கும். அதனால் முதல் வேலை, குக்கிராமம் எந்த வருவாய்க் கிராமத்தில் சேர்ந்தது என்று பட்டாவைப் பார்த்துக் குறித்துக்கொள்வது. வீட்டுவரி ரசீது ஊராட்சியின் பேரைத்தான் சொல்லும். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஏர்வாடி, மூலைக்கரைப்பட்டி மாதிரி பேரூராட்சி எல்லைக்குள் வரும் குடியிருப்பு கிராமப் பட்டியலிலேயே இருக்காது, வார்டு கணக்கில் இருக்கும்.

கையேடு அச்சான காலத்தில் தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. 2019 நவம்பரில்தான் பிரிந்தது. ஆகவே மாவட்டத் தொகையான 30,77,233 பேரில் சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கமும் அடக்கம். மானூரும் திசையன்விளையும் அப்போது தனித் தாலுகா ஆகவில்லை என்பதால், மானூரைத் திருநெல்வேலி தாலுகாவிலும், திசையன்விளையை ராதாபுரம் தாலுகாவிலும் தேட வேண்டும்.

பெரிய குழப்பம் எண்களில். மக்கள்தொகைக் குறியீட்டில் நெல்லை 628, தூத்துக்குடி 627. அஞ்சல் குறியீட்டிலோ நேர் தலைகீழ். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிட்டால் ஊர் மாவட்டம் மாறிப்போகும்.

பேர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. 'கீழ' என்பதை மூன்று நாலு விதமாக எழுதலாம் என்பதால், பேரின் பின்பாதியான 'குளம்', 'நேரி', 'குறிச்சி' போட்டுத் தேடினால் சீக்கிரம் அகப்படும்.

இரண்டாம் பகுதியில் உள்ள வீடுகளின் எண்ணிக்கை, ஆண், பெண், ஆறு வயது வரையான குழந்தைகள், எழுத்தறிவு, தொழில் விவரம்தான் கையேட்டின் உயிர். மொத்த ஆட்களை வீட்டு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். நெல்லைப் பக்கம் நாலுக்குப் பக்கத்தில் வரும். ஏழு, எட்டு என்று வந்தால் அங்கே பள்ளி விடுதியோ இல்லமோ இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். சில வரிகளில் பூஜ்யம் இருக்கும். அது பிழையல்ல, குடியில்லாத வருவாய்க் கிராமம்.

குக்கிராமத்தின் பங்கைப் பிரிக்க வாக்காளர் பட்டியல்தான் வழி. ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் தெருவும் குடியிருப்பும் பிரிவு பிரிவாக இருக்கும். உதாரணத்துக்கு, வருவாய்க் கிராமத்தில் 2,400 பேர், 1,800 வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம். குக்கிராமத்தில் 300 வாக்காளர் என்றால் ஏறக்குறைய 400 பேர். பிழைப்புக்குச் சென்னைக்கும் மும்பைக்கும் போனவர்கள் பேர் பட்டியலில் கிடக்கும் ஊர்களில் இது கூடுதலாகக் காட்டும். அங்கே பூட்டிக்கிடக்கும் வீடுகளையும் எண்ணிக் கழித்தால்தான் சரிப்படும்.

இருப்பிடம் காட்டுவதில் கையேடு பலவீனம். பரப்பை ஹெக்டேரில் தருகிறது (100 ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர்), அட்சரேகை தருவதில்லை. அதை வெளியிலிருந்து எடுத்துச் சேர்ப்பவர்கள் பாகையும் கலையுமாக (ஒரு பாகைக்கு 60 கலை) உள்ளதை அப்படியே புள்ளி வைத்து எழுதிவிடுகிறார்கள். கூந்தன்குளம் 8 பாகை 29 கலை, அதாவது 8.48. அதை 8.29 என்று எழுதினால் இருபது கிலோமீட்டர் தெற்கே ராதாபுரம் பக்கம் போய் நிற்கும். நாலு தசமம் வரை எழுதுங்கள், பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் வந்துவிடும்.

இலவசமாகக் கிடைக்கிற கையேடு. வருவாய்க் கிராமம் வரைக்கும் முழுசாக நம்பலாம். அடுத்த கணக்கு 2027 மார்ச் 1-ஐ வைத்து எடுக்கப்படுகிறது. அதுவரை எழுதும் எண்ணுக்குப் பக்கத்தில் '2011' என்று ஆண்டைக் கட்டாயம் போட்டுவையுங்கள்.