குழந்தைகளிடம் உண்மை பேசும் நூல்கள்: ஒரு வார வாசிப்பு

அக்கா மகளுக்கு ஒன்பது வயது முடிகிறது. அவளுக்கென்று சேர்த்து வைத்திருந்த சிறுவர் நூல்களையும், சற்று வளர்ந்தபின் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்திருந்த இளையோர் நாவல்களையும் முதலில் நானே வாசித்துவிடுவது என்று போன வாரம் முழுவதும் அதிலேயே இருந்தேன். துயரமான இடம் வரும்போது ஆசிரியர் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, அல்லது பேச்சை மாற்றிவிடுகிறாரா என்பதைத்தான் ஒவ்வொரு நூலிலும் கவனித்தேன்.

இந்த அளவுகோலில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது இ.பி. ஒயிட் 1952இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்'. வளர்ந்ததும் வெட்டுக்குப் போகவிருக்கும் வில்பர் என்ற பன்றிக்குட்டியை, அவனைப் புகழும் சொற்களைத் தன் வலையில் நெய்து சார்லட் என்ற சிலந்தி காப்பாற்றுகிறாள். கதையாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் சார்லட் அறிமுகமாகும் காட்சியிலேயே அவள் ஒரு ஈயை நூலால் சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். தான் ரத்தம் குடிப்பவள் என்று சொல்கிறாள். வில்பர் பதறுகிறான். அவளோ மன்னிப்புக் கேட்பதில்லை. தன் தாயும் பாட்டியும் இப்படித்தான் பிழைத்தார்கள் என்று பொறுமையாக விளக்குகிறாள். அன்பானவள், அதே சமயம் கொன்று தின்பவள் என்ற இரண்டையும் ஒரே உயிரில் பார்க்கக் குழந்தையால் முடியும் என்று ஒயிட் நம்பியிருக்கிறார்.

அந்த நம்பிக்கை சார்லட்டின் மரணம் வரை குறையவில்லை. கண்காட்சி முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் வேளையில், அவளுடைய முட்டைப்பையை வில்பர் தன் வாய்க்குள் வைத்துக் கொண்டுபோகிறான். மறுநாள் வெறிச்சோடிய திடலில் அவள் இறக்கிறாள். அருகில் யாரும் இல்லை என்பதை ஒயிட் எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லி அத்தியாயத்தை முடித்துவிடுகிறார். இதை அக்கா மகளுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தபோது அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாமா என்று ஒரு கணம் தயங்கி, பிறகு அப்படியே வாசித்தேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சித்தி, வாய்க்குள்ள முட்டை இருந்ததால வில்பரால போயிட்டு வரேன்னுகூடச் சொல்ல முடியலையே" என்றாள். கண்ணைச் சிமிட்டி மட்டுமே அவன் விடைபெறுகிற அந்த இடம் நான் முன்பு வாசித்தபோது எனக்குத் தைக்கவே இல்லை.

டெட்சுகோ குரோயநாகி தம் பள்ளி நாட்களை எழுதிய 'டோட்டோ-சான்' தமிழிலும் பலருக்குப் பழக்கமான நூல் என்பதால் நீட்டவில்லை. முதல் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி பேசி முடிக்கும் வரை தலைமையாசிரியர் கோபயாஷி கேட்டுக்கொண்டே இருப்பதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, கழிப்பறைக் குழியில் விழுந்த பணப்பையைத் தேடி அவள் எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போட்டிருக்கும்போது, முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் நடந்துவிடும் காட்சி. ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட அந்தப் பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனதையும் நூல் மறைக்கவில்லை.

மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) படநூலை வாசிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் பார்க்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். அம்மாவின் மேல் மேக்ஸுக்கு வந்த கோபம் கூடக்கூட, வெள்ளை விளிம்புக்கு நடுவே சிறிதாக இருந்த படங்கள் பக்கத்தை நிறைத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் சொற்களே இல்லாமல் விரிகின்றன. கடைசியில் அவனுக்காகக் காத்திருக்கும் சாப்பாடு இன்னும் சூடாக இருக்கிறது என்ற செய்தி, படமே இல்லாத பக்கத்தில் வருகிறது. அம்மா ஒரு படத்தில்கூட இல்லை. அந்தச் சூட்டில்தான் இருக்கிறார்.

இளையோர் நாவல்களில் எஸ்.இ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வந்தது. பதின்வயதிலேயே எழுதியவர் என்பது உரையாடல்களின் வேகத்தில் தெரிகிறது. ஆனால் இறுதியில் வரும் கடிதம், வாசகர் தாமே உணர வேண்டியதை விரித்துச் சொல்லிவிடுகிறது என்பது என் குறை. அண்மையில் வந்த இன்னொரு நாவலைப் பாதியில் வைத்துவிட்டேன். பதினான்கு வயதுப் பையன் வாய் திறக்கும் போதெல்லாம் ஓர் ஆலோசகரின் குரலே கேட்டது.

பேட்ரிக் நெஸ் எழுதி, ஜிம் கேயின் கறுப்பு மை ஓவியங்களுடன் 2011இல் வெளியான 'எ மான்ஸ்டர் கால்ஸ்' வாரத்தின் கடைசி நூல். இதன் கருவை உருவாக்கிய ஷிவோன் டவுட் அதை எழுதி முடிக்கும் முன்பே புற்றுநோயால் 2007இல் இறந்துவிட்டார். நோயுற்ற தாயோடு வாழும் கானரிடம் நள்ளிரவு 12:07க்கு ஒரு மரப்பூதம் வந்து கதை சொல்கிறது. கனவின் மயக்கத்தில் அவன் பாட்டியின் வரவேற்பறையை அடித்து நொறுக்கிவிடுகிறான். பாட்டி வந்து பார்க்கிறார், திட்டவில்லை, உடையாமல் மிஞ்சியிருந்த ஒரே அலமாரியைத் தாமே தள்ளிச் சாய்க்கிறார். தண்டித்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று பெரியவர்கள் விட்டுவிடுவது அந்தப் பையனைத் தண்டனையைவிடக் கடுமையாகத் தாக்குவதை நெஸ் காட்டும் விதத்துக்கு ஈடாக இளையோர் நாவல்களில் வேறொன்றை நான் வாசித்ததில்லை. அவன் இறுதியில் சொல்ல வேண்டிய உண்மை என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன். பன்னிரண்டு வயதுக்கு முன் இது வேண்டாம். கொடுக்கும் பெரியவர் முதலில் வாசித்திருக்க வேண்டும். மற்றவற்றை அக்கா மகளிடம் கொடுத்துவிட்டேன். இதை மட்டும் என் அலமாரியிலேயே வைத்திருக்கிறேன்.