வைரஸ் வம்சமரம் வரையும் ஒருநாள் வகுப்பு: 80 வெள்ளிக்குத் தகுமா?

சிங்கப்பூரில் புவன விஸ்தா பக்கம் சனிக்கிழமை நடக்கும் இந்த வகுப்புக்குக் கட்டணம் 80 வெள்ளி. சாப்பாடு சுமார் (சைவம் கேட்டால் ஆறிப்போன பீஹூன்), ஏர்கானில் விரல் விறைத்துவிடும், இருந்தாலும் நாலு நட்சத்திரம் தருகிறேன். காரணம் அவர்கள் எடுத்துக்கொண்ட வைரஸ்.

கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரவுவது, 2011இல் குஜராத்திலும் தலைகாட்டியது. இதன் மரபணுத் தொகுதி எஸ் (சின்னது), எம் (நடுத்தரம்), எல் (பெரியது) என்று மூன்று ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது. காலையில் பல ஊர்களில் கிடைத்த வைரஸ்களின் எஸ்ஸை மட்டும் வைத்து, எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்று காட்டும் மரம் போடச் சொன்னார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என்று கிளைகள் ஒழுங்காகப் பிரிந்து வந்தன. கிரேக்கத்தில் 1975இல் ஆட்டு உண்ணியிலிருந்து எடுத்த ஏபி92 என்ற வகை மட்டும் நீளமான கிளையில் தனியே நின்றது. 2016இல் ஸ்பெயின் நோயாளியிடம் கிடைத்ததோ ஆப்பிரிக்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தது. வலசை வரும் பறவைகளோடு உண்ணியும் கடல் தாண்டுகிறதே!

மதியம் அதே வைரஸ்களின் எம் துண்டைக் கொடுத்தார்கள். அங்கேதான் காசுக்கு மதிப்பு. காலையில் ஒன்றாக இருந்த சில இப்போது வேறு கூட்டத்தில். ஒரே உண்ணிக்குள் இரண்டு வகை புகுந்துவிட்டால் துண்டுகள் இடம் மாறிப் புதுச் சேர்க்கை பிறக்கும், அதனால் எஸ்ஸை மட்டும் பார்த்து இந்த வைரஸ் இந்த ஊர்க்காரன் என்று எழுதிவிட முடியாது. வகைக்கு வகை மரபணு எழுத்துகளில் உள்ள வேறுபாடும் ஒரே அளவில் இல்லை: எஸ்ஸில் சுமார் 20 விழுக்காடு வரை, எல்லில் 22, எம்மில் 31. வைரஸின் மேலுறைப் புரதங்கள் எம்மிலிருந்து வருபவை. தடுப்பூசி செய்ய நினைப்பவர்களுக்குத் தலைவலி அங்கேதான்.

குறை என்றால், எல் துண்டைத் தொடவே இல்லை. 12,000 எழுத்துக்கு மேல், உங்கள் லேப்டாப் திணறும் என்றார் பயிற்றுநர். சரி, முன்பே போட்டு வைத்த மரத்தையாவது காட்டியிருக்கலாம். அப்புறம், கிளையை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் எண்களை ஓட்டமாகத் தாண்டினார். நூற்றுக்கு 42 போட்ட கிளையையும் 98 போட்டதையும் ஒரே தைரியத்தோடு விளக்கினால் எப்படி?

உயிரியல் கொஞ்சம் படித்திருந்தால் தாராளமாகப் போகலாம். சார்ஜர் மறக்க வேண்டாம், முன்வரிசையில் மட்டும்தான் பிளக் இருக்கிறது.