விற்ற வீட்டைக் கழுவிக் கொடுப்பதா, கூட்டிவிட்டு வருவதா, ஆள் வைப்பதா?

சாவி கொடுக்க ஆறு நாள் இருந்தது. பாதி சாமான் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. நான் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றித் தரச் சொன்னபோது என் கணவர் கேட்டார்: "வித்த வீட்டை எதுக்கு இப்படித் தேய்க்கற? அவங்க எப்படியும் பெயின்ட் அடிக்கத்தானே போறாங்க?"

கேள்வி நியாயமானதுதான். சென்னை மடிப்பாக்கத்தில் பதினேழு வருடம் இருந்த இரண்டு படுக்கையறை ஃபிளாட். விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போகிறோம். பணம் வந்தாயிற்று, பத்திரம் பதிவாகிவிட்டது. இனி அந்த வீட்டின் அழுக்கு யாருடையது?

சட்டத்தைக் கேட்டால் பெரிதாக உதவாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு, விற்பவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஒப்படைக்கும் வரை சொத்தைப் பொறுப்பான உரிமையாளர் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும், கேட்கும்போது சுவாதீனம் கொடுக்க வேண்டும். கழுவிக் கொடு என்று அதில் இல்லை. வாடகை வீடு என்றால் அட்வான்ஸ் பணம் நம் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. இருந்தாலும் பெயின்டுக்கு, கிளீனிங்குக்கு என்று அதில் கை வைக்காத வீட்டுக்காரர் அபூர்வம். சொந்த வீட்டை விற்றுவிட்டுப் போகிறவரை அப்படிப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. அவராக யோசித்துச் செய்வதுதான்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. கூட்டிப் பெருக்கிப் பூட்டிவிட்டு வருவது. டீப் கிளீனிங் கம்பெனிக்குச் சொல்வது. நாமே, வீட்டு வேலைக்கு வரும் அக்காவைச் சேர்த்துக்கொண்டு, தேய்ப்பது. நான் மூன்றாவதைச் செய்தேன், அதுவும் பாதி வீட்டுக்கு மட்டும். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் வழியைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோது விற்றவர் அப்படித்தான் கொடுத்தார். பரணில் இரண்டு மூட்டை பழந்துணி, பால்கனியில் காய்ந்த துளசித் தொட்டி, கதவுக்குப் பின்னால் முந்தைய வருடத் தினசரி காலண்டர். நாங்கள் பெரிதாகக் கோபப்படவில்லை. பெயின்டரும் தச்சரும் வந்து ஒரு மாதம் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். அவர் முன்கூட்டியே கழுவிக் கொடுத்திருந்தால் அத்தனையும் பட்டி மாவுத் தூசிக்கு அடியில் போயிருக்கும். எங்களைக் கடுப்பேற்றியது அழுக்கு இல்லை, அந்த மூட்டைகள்தான். "உங்களுக்குப் பயன்படும்" என்று விட்டுவிட்டுப் போவதில் முக்கால்வாசி, தூக்கிப் போடச் சோம்பல்பட்டது. மீந்த டைல்ஸ் நான்கும், சுவரில் அடித்த பெயின்டின் ஷேடு எண் எழுதிய துண்டுச் சீட்டும், பிளம்பரின் நம்பரும் போதும். மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

டீப் கிளீனிங். எங்களிடம் காலி வீட்டுக்கு 5,500 ரூபாய் கேட்டார்கள், சிம்னிக்குத் தனி. மூன்று பேர் மெஷினோடு வருவார்கள், அரை நாளில் முடியும். ஜன்னல் கண்ணாடி, ஸ்லைடிங் கதவின் பள்ளம், ஃபேன் இறக்கை, இதையெல்லாம் அவர்கள் செய்கிற வேகத்தில் நம்மால் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். இடுப்பு வலி இருப்பவர்களும், வேறு ஊரிலிருந்து ஒரே நாள் வந்து வீட்டைக் காலி செய்பவர்களும் இதற்குமேல் படிக்க வேண்டாம், கூப்பிட்டுவிடுங்கள்.

எனக்கு அவர்கள்மேல் ஒரு பழைய காயம் இருக்கிறது. இதற்கு முன் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்தபோது இப்படி ஒரு குழுவை வரவழைத்தோம். சமையலறை அலமாரித் தட்டுகள் கடப்பா கல். கறை போகவில்லை என்று அவர்களில் ஒரு பையன் பாத்ரூமுக்குக் கொண்டுவந்திருந்த ஆசிட்டை அதில் ஊற்றிவிட்டான். கடப்பா கல் கறுப்பாக இருந்தாலும் சுண்ணாம்புக் கல் வகை. புஸ்ஸென்று நுரைத்தது. துடைத்துப் பார்த்தால் கறுப்புக் கல்லில் தேமல் மாதிரி வெளுத்த திட்டுகள். தேய்த்தால் போகிற கறை இல்லை அது, கல்லே அரித்துப் போயிருந்தது. வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். மொசைக் தரைக்கும் பளிங்குக்கும் இதே கதிதான், டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமென்டும் அரிக்கும். ஆள் வைத்தால் "எந்தக் கல்லில் எதை ஊற்றுகிறீர்கள்" என்று கூடவே நின்று கேளுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பாத்ரூமில் அடுத்தடுத்துப் போட விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமுக்குள் அது விளையாட்டு இல்லை.

சரி, முடிவு எப்படி எடுத்தோம் என்பதற்கு வருகிறேன்.

செலவை வைத்து எடுக்கவில்லை. மரியாதை, நல்ல பேர் என்றும் எடுக்கவில்லை, வாங்குகிறவர்களை நாம் மறுபடி பார்க்கப் போவதே இல்லை. வாங்கிய பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "சாவி வாங்கினதும் முதல்ல என்னம்மா, பெயின்டரா, பால் காய்ச்சறதா?"

"பால்தான் ஆன்ட்டி. ஜோசியர் வைகாசியை விட்டா ஆவணிதான்னு சொல்லிட்டார். திங்கட்கிழமை காலைல நாலரைலேருந்து ஆறு முகூர்த்தம். காய்ச்சிட்டுப் பூட்டிடுவோம். பெயின்ட் எல்லாம் அப்புறம்தான்."

அந்தப் பதிலிலேயே எங்கள் வேலை எது, வேலை இல்லாதது எது என்று தெரிந்துவிட்டது. சனிக்கிழமை சாவி, திங்கட்கிழமை விடிவதற்கு முன் பால். நடுவில் ஒரு நாள். அதில் அவர்கள் வந்து கழுவ வேண்டுமென்றால் பூஜைச் சாமான், உறவுக்காரர்கள், வாத்தியார், டிபன் ஆர்டர் எல்லாவற்றுக்கும் நடுவே என் பதினேழு வருட எண்ணெய்ப் பிசுக்கையும் சுமக்க வேண்டும். அதோடு முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள் வீட்டில் பார்க்கும் இடங்கள் மிகக் குறைவு. நிலைப்படி, கூடத்துத் தரை, சமையல் மேடை, ஒரு பாத்ரூம். படுக்கையறைச் சுவரில் ஆணி ஓட்டை இருக்கிறதா என்று யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தாலும் பெயின்டர் பட்டி வைத்து அடைத்துவிடுவார். நாம் அடைத்தால் அதைச் சுரண்டிவிட்டுத்தான் அவர் வேலையை ஆரம்பிப்பார்.

அதனால் நான் செய்தது இந்த நான்கு இடங்கள் மட்டும். சுவரைத் தொடவில்லை. பரணைக் காலி செய்து கூட்டினேன், கழுவவில்லை. ஜன்னல் கண்ணாடியை அப்படியே விட்டேன்.

மேடைக்கும் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸுக்கும் சலவை சோடா போட்ட வெந்நீர் போதும். துணியை நனைத்துப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் பிசுக்கு ஊறி வந்துவிடும். சுரண்டவே வேண்டாம். சிம்னியின் வலை அலுமினியம் என்றால் மட்டும் அதைச் சோடாவில் போடாதீர்கள், கறுத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் போதும். பாத்ரூம்தான் உயிரை எடுத்தது. எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாய் வெள்ளை பூத்து, ஷவரில் பாதி ஓட்டை அடைத்துப் போயிருந்தது. உப்புக் கறைக்குப் புளிப்புதான் மருந்து. சிட்ரிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் கவரில் ஊற்றி, ஷவரின் தலையில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். அரை மணி நேரத்தில் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் ஓட்டை திறந்துகொண்டது. டைல்ஸில் ஒரு ஆள் உயரத்துக்குப் படிந்திருந்ததை அக்கா இரண்டு நாள் தேங்காய் நாரால் தேய்த்தார். அவருக்கு 1,500, பொருள்களுக்கு நானூறு சொச்சம். கம்பெனிக்காரர் கேட்டதில் பாதிகூட ஆகவில்லை.

கரப்பான் பூச்சி ஒன்றைத்தான் முன்கூட்டியே யோசிக்கத் தவறிவிட்டேன். ஜெல் மருந்தை இரண்டு வாரம் முன்பே மூலைகளில் வைத்திருக்க வேண்டும், அது மெதுவாகத்தான் வேலை செய்யும். கடைசி நாளில் ஸ்ப்ரே அடித்தால் ஒளிந்திருந்ததெல்லாம் வெளியே வந்து கூடத்தில் ஓடும். ஓடியது.

நிலைப்படியில் ஒரு சண்டை வந்தது. பழைய மஞ்சள், குங்குமம், அரிசி மாவு எல்லாம் படிப்படியாக ஏறி இருந்தது. "அது நம்ம லட்சுமி, அதைத் தேய்ச்சு எடுக்காத" என்றார் என் அத்தை. சாமான் ஏற்றிய பிறகு கூட்டவும் கூடாதாம், ஊருக்குக் கிளம்பியவர் பின்னாலேயே வீட்டைக் கூட்டுவது மாதிரி ஆகிவிடுமாம். கடைசியில் வண்டி வருவதற்கு முதல் நாளே எல்லாவற்றையும் கழுவி முடித்தோம். வண்டி கிளம்பிய பின் விளக்குமாற்றைத் தொடவில்லை. அட்டைத் துண்டுகளைக் கையால் பொறுக்கினோம். நிலைப்படியை நான் தேய்த்துவிட்டேன், அத்தை பார்க்காதபோது. அடுத்தவர் வீட்டு மஞ்சள்மேல் அந்தப் பெண் தன் மஞ்சளைப் பூச வேண்டுமா?

இதில் யாரும் சொல்லாத ஒன்று, வாசலில் தொங்கும் திருஷ்டிச் சாமான். படிகாரம், ஆகாச கருடன் கிழங்கு, பூசணிக்காய் முகம் வரைந்த படம். அழுக்கை யார் வேண்டுமானாலும் துடைப்பார்கள், இன்னொரு குடும்பத்தின் திருஷ்டியை எடுத்துப் போட யாருக்கும் கை வராது. அதை நாம்தான் கழற்ற வேண்டும். ஒட்டிய சாமி ஸ்டிக்கர்களையும் அப்படியே. அவர்களால் பிய்த்துக் குப்பையில் போடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

உங்கள் வீட்டை வாங்குகிறவர் "முதல்ல பெயின்டர், அப்புறம்தான் பால்" என்று சொன்னால் நான் மேலே எழுதியதில் பெரும்பகுதியை மறந்துவிடுங்கள். கூட்டி, குப்பையை அகற்றி, பூட்டுங்கள். 5,500 ரூபாயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் படலம் மட்டும் விதிவிலக்கு. அதன்மேல் அடிக்கும் பெயின்ட் ஒட்டாமல் உரிந்து வரும், பெயின்டர் எப்படியும் கழுவித்தான் ஆக வேண்டும். சோடா வெந்நீரில் ஒரு துடை துடைத்துக் கொடுத்தால் அவர் உங்களை வாழ்த்துவார். முதலீட்டுக்கு வாங்கி வாடகைக்கு விடுகிறவர் என்றாலும் இதே கணக்குத்தான் என்று நினைக்கிறேன். எங்கள் மாடியில் அப்படிக் கைமாறிய ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன், அதற்குமேல் எனக்கு அனுபவம் இல்லை.

தனி வீடு விற்பவர்களுக்கு நான் சொன்னது பாதிதான் பொருந்தும். தொட்டி, சம்ப், தோட்டம், செப்டிக் டேங்க் என்று அங்கே கணக்கு வேறு. எனக்கு ஃபிளாட் வாழ்க்கைதான் பழக்கம், மாடித் தண்ணீர்த் தொட்டியை அசோசியேஷன் பார்த்துக்கொண்டது. செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதாக இருந்தால் லாரியைக் கூப்பிடுங்கள், பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், விஷவாயுவில் உயிரும் போகும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் திருச்சியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஊற வைத்துத் துடைத்த மேடையில் புது அடுப்பு, மஞ்சள் கட்டிய பித்தளைப் பானை. பால் பொங்கி மேடை முழுக்க வழிந்து சிங்க் வரை ஓடியிருந்தது. சுவர் ஓரத்தில் எனக்குக் கடைசிவரை போகாத புளிக்கறை ஒன்று உண்டு. அதன்மேல் சாமி படத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.