எஸ்விசியூட்டில்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

எக்ஸ்எம்எல் மெசேஜ்களால் பேசும் சோப் வெப் சர்வீஸ்களோடு, மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய அப்ளிகேஷன்களை இணைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. எதிர்ப்பக்கம் பெரும்பாலும் ஜாவாவில் ஓடும். நம் கைக்கு வருவது அந்த சர்வீஸை எப்படி அழைப்பது என்று சொல்லும் ஒரு டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலும், மெசேஜ்களின் வடிவத்தைச் சொல்லும் சில எக்ஸ்எஸ்டி ஸ்கீமாக்களும் மட்டுமே. அதிலிருந்து கிளையன்ட் ப்ராக்சி கோடை (சர்வீஸை நம் கோடிலிருந்து சாதாரண மெத்தட் போல அழைக்க உதவும் கோடு) உருவாக்க, 2006இல் டாட்நெட் 3.0 உடன் வந்த எஸ்விசியூட்டில் என்ற கமாண்ட்-லைன் கருவியைத்தான் பல வருடமாக நம்பியிருக்கிறேன். இப்போது அதன் வாரிசான டாட்நெட்-எஸ்விசியூட்டிலுக்கு மாறியிருக்கிறேன்.

முதலில் எனக்குப் பிடித்தது. ஒரே கமாண்டில் இன்டர்ஃபேஸ், டேட்டா கிளாஸ்கள், கிளையன்ட் கிளாஸ் எல்லாம் வந்துவிடும். சர்வர் பக்கம் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால், கோடை மறுபடி உருவாக்கி பில்ட் செய்தாலே போதும். எந்தெந்த வரி உடைகிறது என்று கம்பைலரே காட்டிவிடும். எக்ஸ்எம்எல்லைக் கையால் கோர்த்து அனுப்பும் ப்ராஜெக்ட்களில் இதே மாற்றம் ப்ரொடக்‌ஷனுக்குப் போன பிறகுதான் தெரியவரும்.

படுத்துகிற இடங்களும் உண்டு. பதில் மெசேஜின் அளவுக்கு இயல்பாக உள்ள வரம்பு 65,536 பைட். டெஸ்டிங்கில் சின்னச் சின்ன பதில்கள் வரும்வரை எல்லாம் சரியாக ஓடும். மாதக் கடைசியில் பெரிய ரிப்போர்ட் ஒன்றைக் கேட்டதும் எக்செப்ஷன் விழும். பைண்டிங்கில் (இணைப்புக்கான அமைப்புகள்) அந்த எண்ணை உயர்த்தினால் தீர்ந்தது.

இதைவிட மோசமானது சத்தமே இல்லாமல் நடப்பது. ஸ்கீமாவில் கட்டாயமில்லை என்று குறித்த ஒரு எண் அல்லது தேதி ஃபீல்டுக்கு, எக்ஸ்எம்எல் சீரியலைசர் (ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் பகுதி) வழியில் இரண்டு ப்ராப்பர்ட்டிகள் உருவாகும்: ஒன்று மதிப்பு, மற்றொன்று அதே பெயரோடு 'ஸ்பெசிஃபைட்' சேர்ந்த பூலியன். இரண்டாவதை ட்ரூ ஆக்காவிட்டால் முதலாவதில் என்ன போட்டாலும் எக்ஸ்எம்எல்லில் போகாது. எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. தொகை வரவில்லை என்று எதிர்ப்பக்கம் சொல்வார்கள், தொகையை அனுப்பினோமே என்று நாம் சொல்வோம். இதற்கு வழி உண்டு. டேட்டா பைண்டிங் ஆப்ஷனைப் போட்டு உருவாக்கினால் ஒவ்வொரு ப்ராப்பர்ட்டி மாறும்போதும் ஒரு ஈவென்ட் எழும். அதைப் பிடித்து, அந்தப் பூலியனை ட்ரூ ஆக்கும் சின்ன ஹெல்ப்பர் ஒன்றைத் தனி ஃபைலில் வைத்துக்கொள்ளலாம். உருவாகும் கிளாஸ்கள் எல்லாம் பார்ஷியல், அதாவது ஒரே கிளாஸைப் பல ஃபைல்களில் பிரித்து எழுதலாம் என்பதால் இப்படி வெளியே இருந்து சேர்ப்பது சுலபம்.

அப்புறம் இரட்டை அரே (அரேக்குள் அரே) பிரச்சினை. திரும்பத் திரும்ப வரும் ஓர் எலிமென்டுக்குள், அதேபோல் திரும்ப வரும் ஒரே ஒரு எலிமென்ட் மட்டும் இருந்தால், நடுவில் வர வேண்டிய கிளாஸை விட்டுவிட்டு இரட்டை அரேயாக எழுதிவிடுகிறது. பில்ட் நன்றாகப் போகும். ஓடும்போதுதான் தற்காலிக கிளாஸை உருவாக்க முடியவில்லை என்று சீரியலைசர் கைவிரிக்கும். உருவான கோடில் ஒரு ஜோடி அடைப்புக்குறியைக் கையால் அழிப்பதுதான் பலரும் செய்வது. அடுத்த முறை உருவாக்கும்போது அந்தத் திருத்தம் காணாமல் போகும். ஸ்கீமாவின் நம் காப்பியில், அந்தக் காம்ப்ளெக்ஸ் டைப்பில் பயன்படாத ஓர் அட்ரிபியூட்டைச் சேர்த்தால் நடுவில் உள்ள கிளாஸ் ஒழுங்காகவே பிறக்கும்.

டபிள்யூஎஸ்டிஎல்லையும் ஸ்கீமாக்களையும் கிட் (Git) என்ற வெர்ஷன் கன்ட்ரோலில் வைத்து, உருவாக்கும் கமாண்டையும் ஸ்கிரிப்டாக அருகிலேயே போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். யூஆர்எல்லிலிருந்து நேரடியாக உருவாக்குவதை நான் விட்டுவிட்டேன். ஒரு கிளையன்ட் நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கீமாவை மாற்றியபோது, கிட் டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம்) பார்த்துத்தான் விருப்ப ஃபீல்டு ஒன்று கட்டாயமாகியிருப்பதைக் காட்ட முடிந்தது. டபிள்யூஎஸ்டிஎல்லுக்குள் இருக்கும் முகவரியையும் நம்பாதீர்கள். பல நேரம் அது அவர்களுடைய உள் நெட்வொர்க் மெஷினின் பெயராக இருக்கும்.

இன்னொன்று, உருவான கிளையன்ட் கிளாஸை, வேலை முடிந்ததும் தானாக மூடிவிடும் யூசிங் ப்ளாக்கில் வைக்காதீர்கள். சேனல் (சர்வீஸோடு உள்ள இணைப்பு) பழுதாகியிருந்தால் மூடும்போது அதுவே ஒரு எக்செப்ஷனை எறிந்து உண்மையான காரணத்தை மறைத்துவிடும். எக்செப்ஷனைப் பிடித்த இடத்தில் இணைப்பை உடனே துண்டிக்கும் அபார்ட் (Abort) மெத்தடைக் கூப்பிடுங்கள்.

ஜாவாவில் இதே வேலையைச் செய்யும் டபிள்யூஎஸ்இம்போர்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த 'ஸ்பெசிஃபைட்' தொல்லை கிடையாது, மதிப்பு இல்லை என்று சொல்ல நல் (null) போதும். ஆனால் 2018இல் ஜேடிகே 11 (ஜாவா டெவலப்மென்ட் கிட்) வந்தபோது அந்தக் கருவியை ஜேடிகேயிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இப்போது தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டாட்நெட்-எஸ்விசியூட்டில் எனக்குத் திருப்தி. கான்ஃபிக் எக்ஸ்எம்எல் இல்லை, பைண்டிங் எல்லாம் கோடிலேயே வருகிறது. கொடுத்த ஆப்ஷன்களை ஒரு ஜேசன் ஃபைலில் எழுதிவைப்பதால், அப்டேட் என்று சொன்னால் அதே அமைப்போடு மறுபடி உருவாக்கித் தருகிறது. குறை என்றால், பழைய சர்வீஸ்கள் கேட்கும் மெசேஜ் செக்யூரிட்டி (மெசேஜுக்கே போடும் பாதுகாப்பு) வகைகள் எல்லாவற்றுக்கும் புதிய டாட்நெட்டில் ஆதரவு இல்லை. மாறுவதற்கு முன்பு டபிள்யூஎஸ்டிஎல்லில் பாலிசி பகுதி இருக்கிறதா, அதில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை படித்துவிடுங்கள். சாதாரண எச்டிடிபிஎஸ் மட்டும்தான் என்றால் தயங்காமல் மாறலாம்.